உள்ளே போக மூன்று பக்கம்

மனநோய் கண்டவர்களின் குரலாக ஒலிப்பதற்கென்று வண்ணார்பேட்டையில் ஒரு மன்றம் இருந்தது. தாமிரபரணி மண்டல மனநலத் தோழமை மன்றம் என்று அதற்குப் பெயர். பெயர்ப்பலகை மாடியின் முழு அகலத்துக்கும் இருந்ததால், கீழே பாத்திரக்கடை வைத்திருந்தவர் தன் பலகையைச் சந்துப் பக்கம் மாட்டிக்கொண்டார். மன்றத்தில் எல்லாம் இருந்தன. தலைவர், செயலாளர், உறுப்பினர்கள், குத்துவிளக்கு, ஒலிபெருக்கி, பொன்னாடை அடுக்கிய இரும்பு பீரோ. நோய் கண்டவர் மட்டும் இல்லை. இல்லையே என்று இத்தனை வருஷமும் யாருக்கும் தோன்றவுமில்லை. சென்னையிலிருந்துதான் யாரோ கேட்டுவிட்டார்கள்.

அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெங்காய மண்டி வாசலில் ஜீப் வந்து நின்றது. ஐயம்பெருமாள் அப்போது தலையில் மூட்டையோடு லாரியிலிருந்து பலகை வழியாக இறங்கிக்கொண்டிருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் மண்டியில் பாதிப் பேர் பின்கட்டுக்குப் போய்விட்டார்கள்.

"ஏலே ஐயம்பெருமாளு, ஒன்னையத்தாம்ல தேடி வந்திருக்காவ. என்னலே செஞ்ச?" என்றார் மண்டிக்கார அண்ணாச்சி.

"ஒண்ணும் செய்யலியே அண்ணாச்சி. மாத்திரைகூடத் தவறாமப் போடுதேன்."

ஜீப்பிலிருந்து இறங்கியவர் மன்றத்தின் செயலாளர் அனுராதா. வெங்காய வாடைக்கு மூக்கைப் பொத்துவது மரியாதை இல்லை என்பதால் மூச்சு விடாமலே பேசினார்.

"இனிமே நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர், ஐயம்பெருமாள். உங்க வலிதான் எங்க சொத்து."

"இப்பம் பரவாயில்லம்மா. தைலம் தேய்க்கேன்" என்றான் ஐயம்பெருமாள், இடுப்பைத் தடவிக்கொண்டு.

அவனை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், மாத்திரை வாங்கும் நாளில் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களில் அவன் ஒருவன்தான் சட்டைப் பொத்தானை எல்லாம் சரியாகப் போட்டிருந்தானாம். அந்த மரத்தடியில் அவனுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருத்தி கமர் நிஷா, மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவள். இன்னொருவர் சேக் முகம்மது, அதே ஊரில் தறி ஓட்டுகிறவர். கமர் நிஷா அவரைக் காக்கா என்று, அதாவது அண்ணன் என்று, கூப்பிடுவாள். மூன்று பேருக்கும் வந்தது ஒரே நோய் இல்லை. ஒருவருக்குக் காதில் சத்தம், ஒருத்திக்கு எழுந்திருக்கவே முடியாத துக்கம். ஆனால் பார்த்ததும் மூவரும் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். "நேத்து உறங்குனீரா?" உறங்கினேன் என்றால் சாயா குடித்துவிட்டு அவரவர் பஸ்ஸுக்குப் போவார்கள். உறங்கவில்லை என்றால் மற்ற இரண்டு பேரில் ஒருவர் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அவர்கூடப் போய் உட்கார்ந்திருப்பார். புத்தி சொல்லக் கூடாது, அழாதே என்று சொல்லக் கூடாது. சும்மா கூட இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அதற்கு அவர்கள் பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை.

போன வருஷம் சேக் முகம்மதுக்கு நோய் கூடியபோது, சவூதியின் தம்மாமில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி ஹசன் அலி லீவில் வந்து, வள்ளியூர்ப் பக்கம் ஒரு காப்பகத்தில் கொண்டு சேர்த்துவிட்டுப் போனார். சேக் முகம்மதுக்குச் சரியாகிவிட்டது. பார்க்க வரும் டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் காப்பகத்தில் ஒரு விதி இருந்தது. வயது வந்த ஆண் இரத்த உறவினர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் ஒழிய யாரையும் வெளியே விடக் கூடாது. ஹசன் அலி போனை எடுக்கவே இல்லை. மகள் தஸ்மியா மூன்று தடவை போய் நின்று பார்த்தாள். பெண் கையெழுத்து செல்லாது என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு நிக்காஹ் தேதி குறித்தாயிற்று. வாப்பா வராவிட்டால் இமாமையே பொறுப்பாளியாக வைத்து நடத்திக்கொள்ளலாம் என்று ஜமாஅத்தில் சொன்னார்கள்.

"வாப்பா உசுரோட, நல்லா இருக்கும்போதுண்ணே" என்றாள் கமர் நிஷா. "இது என்ன ஞாயம்?"

அந்த விதியைப் போட்டது யார் என்று விசாரித்தால், அந்தக் காப்பகத்தை நடத்தும் வண்ணார்பேட்டை மன்றம் என்றார்கள். ஆகவே ஜீப் வந்ததும் ஐயம்பெருமாள் தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து உதறிவிட்டு, "வாரேன்மா. எனக்கும் அங்கன ஒரு சோலி கெடக்கு" என்று ஏறிக்கொண்டான்.

முதல் கூட்டத்தில் விளக்கேற்றினார்கள். மின்விசிறிக் காற்றில் அணைந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏற்றினார்கள். பிறகு புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டார்கள். தலைவர் செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தினார். செயலாளர் தலைவருக்குப் போர்த்தினார். இரண்டு பேரும் சேர்ந்து பேராசிரியர் அருணாசலத்துக்குப் போர்த்தினார்கள். கூட்டத்தின் பாதி இப்படிப் போன பிறகு தலைவர் குமரகுருபரன் பேச எழுந்தார். வருவாய்த் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவர் குரலுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

"பேச முடியாதவர்களின் குரல் இந்த மன்றம். அவர்களுக்காக நாம் பேசிவிடுவதால், அவர்கள் பேச வேண்டிய அவசியமே எழவில்லை. இதுவே நம் மகத்தான சாதனை."

கைதட்டினார்கள். ஐயம்பெருமாளும் தட்டினான். அடுத்து அவனுடைய அனுபவப் பகிர்வு என்று அறிவித்தார்கள். பேராசிரியர் முன்கூட்டியே கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முன்னால எனக்கு உறக்கம் வராது. காதுல சத்தம் கேக்கும். ஆசுபத்திரிக்குப் போனேன். மாத்திரை குடுத்தாவ. இப்பம் உறக்கம் வருது" என்று சொல்லிவிட்டு ஐயம்பெருமாள் உட்கார்ந்தான்.

பேராசிரியர் மடியிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றார் பேராசிரியர். "உங்களைச் சங்கிலியால் கட்டிப் போடவில்லையா?"

"இல்ல சார்."

"ஒரு தடவைகூடவா?"

அவர் அவ்வளவு ஆசையோடு கேட்டபோது இல்லை என்று சொல்ல ஐயம்பெருமாளுக்கே சங்கடமாக இருந்தது. பேராசிரியர் கைக்குட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஐயம்பெருமாள் மறுபடி எழுந்தான். "சார், வள்ளியூர்ல சேக் முகம்மதுன்னு ஒருத்தர். சரியாயிட்டாரு. மகளுக்கு நிக்காஹ் வருது. அவரை விடச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை..."

"தனிமனிதர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை" என்றார் தலைவர் கனிவாக. "நாம் மனிதகுலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள். அவருக்கு ஒரு பொன்னாடை போடுங்கள்."

திரும்பி வந்தவனிடம் கமர் நிஷா, "கேட்டியாண்ணே?" என்றாள்.

"கேட்டேன் தங்கச்சி. துணியப் போத்தி உக்கார வச்சிட்டாவ."

இரண்டாம் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து விஜயஸ்ரீ என்ற அதிகாரி வந்தார். புதிய சுற்றறிக்கையை வாசித்தார். இனி மன்றத்தில் ஓட்டுரிமை நோயை நேரில் அனுபவித்தவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் பின்வரிசையில் பார்வையாளர்களாக உட்காரலாம். மாசி மாதம் ஜெனீவாவில் நடக்கும் உலக மாநாட்டுக்கும் ஓட்டுரிமை உள்ளவர்களே போகலாம்.

"இங்கே அப்படி எத்தனை பேர் இருக்கீங்க?"

எல்லோரும் ஐயம்பெருமாளைப் பார்த்தார்கள். தன்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டு அவன் அதுவரைக்கும் கண்டதில்லை. அதனால் தன் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

தலைவர் மெல்ல எழுந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை காலமும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தேன். இன்று சொல்லிவிடுகிறேன். என்னை வேறு மாவட்டத்துக்கு மாற்றிய காலம் அது. எனக்குக் கொடுத்த காரில் ஏசி வேலை செய்யவில்லை. மூன்று நாள் உறங்கவில்லை. நாலாம் நாள், ஒரு கடைநிலை ஊழியனைக் கூப்பிட்டு, ஒரு காரணமும் இல்லாமல் பணியிடை நீக்கம் செய்தேன். அன்றைக்குத்தான் உறக்கம் வந்தது. இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது. அப்படி ஓர் உறக்கம்!"

பேராசிரியர் அருணாசலம் அவர் உட்காரும் வரை பொறுக்கவில்லை.

"என்னைத் துறைத் தலைவர் ஆக்காமல் என் மாணவனையே ஆக்கினார்கள். அந்த வருஷம் என் கை மதிப்பெண் போடவே மறுத்துவிட்டது. ஒரு வகுப்பு முழுவதும் தோற்றுப்போனது. இதற்கு மருத்துவத்தில் ஏதோ பெயர் இருக்க வேண்டும். மாணவர்கள் சொன்ன பெயரை இங்கே சொல்ல இயலாது."

அனுராதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மத்தவங்க கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு அது எனக்குள்ளயே ஏறிடுச்சு மேடம். ஒரு நாள் கிராமத்துக் கூட்டத்துல அப்படியே அழுதுட்டேன். அன்னைக்குன்னு பார்த்து போட்டோகிராபர் வரலை. அந்த வேதனை இன்னும் போகலை."

மற்ற உறுப்பினர்களும் வரிசையாக எழுந்தார்கள். ஒருவருக்கு மருமகன் சரியில்லை. ஒருவருக்குப் பக்கத்து வீட்டு மாமரம் காம்பவுண்டுக்குள் இலை உதிர்த்தது. விஜயஸ்ரீ எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, நாட்டிலேயே முழுக்க முழுக்க அனுபவித்தவர்களால் நடத்தப்படும் முதல் மன்றம் இதுவாகத்தான் இருக்கும் என்று மகிழ்ந்தார்.

"மூத்த அனுபவசாலி நீங்கதான். எங்களை வரவேற்று ஒரு வார்த்தை" என்றார் தலைவர் ஐயம்பெருமாளிடம்.

ஐயம்பெருமாள் யோசித்தான். பொய் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"இதெல்லாம் கோவம்லா சார்? கோவத்துக்கு ஆசுபத்திரியில மாத்திரை கெடையாது."

விஜயஸ்ரீ பேனாவை மூடினார்.

"ஒருத்தரோட வலியை இன்னொருத்தர் அளக்கக் கூடாது" என்றார் விஜயஸ்ரீ. "நோயாளிகளைக் கேவலமாகப் பார்க்கிற மனப்பான்மை இது. இதை ஒழிக்கத்தானே மன்றம் வெச்சிருக்கோம்?"

ஐயம்பெருமாள் நோயாளிகளை இழிவுபடுத்திய குற்றத்துக்காக அப்போதே விசாரிக்கப்பட்டான். விசாரணையில் சாயா கொடுத்தார்கள். மன்றத்தார் யாருடைய நோயையும் நோய் இல்லை என்று இனிச் சொல்ல மாட்டேன் என்று ஒலிபெருக்கியில் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவனுடைய ஓட்டுரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக அவனைத் 'துணைவர்' ஆக்கி, கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். துணைவரின் வேலை, உறுப்பினர்களின் மனப்பாரத்தை இறக்கி வைப்பது. பாரம் இறக்குவது அவன் தொழில்தானே என்று ஒத்துக்கொண்டான்.

"அப்பம் சேக் முகம்மது சங்கதி சார்?"

"அடுத்த கூட்டத்தில் முதல் பொருள்" என்றார் தலைவர்.

அடுத்த கூட்டம் தள்ளிப் போனது. ஆனால் மன்றத்தார் தனித்தனியே மண்டிக்கு வந்துகொண்டிருந்தார்கள். பேராசிரியர் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து, தனக்குக் கிடைக்காத பதவியைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தான் இவ்வளவு துக்கத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்ததாம். அனுராதா அதைப் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். மற்ற லோடுமேன்கள் ஐயம்பெருமாளை விடவில்லை.

"என்னவே, இப்பம்லாம் ஆபீசர் மூட்டையும் நீருதான் எறக்குதீராம்லா?"

"சும்மா கெடங்கலே. மனுசன் அழுதா கூட இருக்கணும்."

தலைவர் வரும்போது மூட்டை மேல் துண்டு விரித்துச் சாய்ந்துகொள்வார். "கேளும்வே. எப்பவும் கேப்பேரே, அதைக் கேளும்."

"நேத்து உறங்குனீங்களா சார்?"

"ஆகா! எங்க வீட்டுல ஒரு நாதி இப்படிக் கேட்டது கெடையாது."

"சார், சேக் முகம்மதுக்கு..."

தலைவர் நெஞ்சில் கை வைத்தார். "அந்தப் பேரைச் சொல்லாதீரும்வே. எனக்குப் படபடன்னு வருது. நானும் நோயாளிதான, பைய நடத்தணும்."

நிக்காஹுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெனீவாவிலிருந்து ஒரு காணொளி கேட்டார்கள். உறுப்பினர்கள் காப்பகத்து இல்லவாசிகளோடு இல்லவாசிகளாக வாழ்வதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தலைவர் உட்கார்ந்து ஆணை எழுதினார். 'உடனுறைவு' என்று தலைப்பு. மன்றத்தார் சனிக்கிழமை காலை வள்ளியூர்ப் பக்கத்துக் காப்பகத்தில் சேர்க்கப்பட வேண்டும். காப்பகத்து நீல உடையைத்தான் உடுத்துவார்கள். போன், கைக்கடிகாரம், மோதிரம் முதலியவற்றை வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். அவர்களைச் சார் என்று அழைக்கக் கூடாது. எல்லா விதிகளும் எந்தச் சலுகையுமின்றி அவர்களுக்கும் பொருந்தும். இப்படி, உள்ளே போவதற்கு மூன்று பக்கம் எழுதிய தலைவர், வெளியே வருவதற்கு ஒரு வரி எழுதவில்லை. போன இடத்திலிருந்து திரும்பி வர யாரிடமும் கேட்க வேண்டிய நிலைமை அவருக்கு வாழ்நாளில் வந்ததே இல்லை.

காப்பகத்தின் மேலாளர் ஜாபேஸ் முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். விசில் இன்னும் கழுத்தில் கிடந்தது. வாயால் சொன்னதை நம்ப மாட்டார். எழுத்தில் வந்ததை எதிர்த்துப் பேச மாட்டார். மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்து, அதன்படியே செய்தார்.

ஐயம்பெருமாளும் கமர் நிஷாவும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார்கள். சேக் முகம்மதுக்கென்று எடுத்த புதுக் கைலியும் வெள்ளைச் சட்டையும் கமர் நிஷாவின் பையில் இருந்தன. மன்றத்தார் எல்லாரும் இருக்கும் இடத்தில் கேட்டுவிட்டால் தட்ட மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. துணைவர் என்பதால் ஐயம்பெருமாளை உள்ளும் வெளியும் போக விட்டார்கள். அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே நீல உடையில் தலைவரைப் பார்த்தபோது ஐயம்பெருமாளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மத்தியானம் வரைக்கும் படம் பிடித்தார்கள். தலைவர் ஒரு பெரியவருக்குச் சோறு ஊட்டினார். வெளிச்சம் போதவில்லை என்று அதே பெரியவருக்கு மறுபடி ஊட்டினார். நாலாம் தடவை பெரியவர், "எனக்குப் போதும் தம்பி, நீங்க சாப்பிடுங்க" என்று வட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். சேக் முகம்மது எல்லாரையும் நிழலில் இடம் பார்த்து உட்கார வைத்தார். "இங்கன உக்காருங்க. அந்தப் பக்கம் மூணு மணிக்கு வெயிலு வந்திரும்" என்றார். பேராசிரியர் அவருடைய தோளில் கை போட்டு, "நீயும் நானும் ஒன்று, சேக் முகம்மது" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். கேமராக்காரர் சாப்பிட்டுவிட்டு வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் தலைவர் கேட்டுக்கு வந்தார். "சரி ஜாபேஸ், நாங்க கிளம்புறோம்."

"நல்லது. யாரு வந்திருக்காவ?"

"யாரு வரணும்?"

"ரத்த உறவு. ஆம்பள. வயசு வந்திருக்கணும்" என்றார் ஜாபேஸ். "கையெழுத்துப் போடணும்லா?"

தலைவர் சிரித்தார். ஜாபேஸ் சிரிக்கவில்லை. தலைவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"ஏய், நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். உங்க ஆணையிலயே போட்டிருக்கு. 'மன்றத்தார் தாங்கள் யார் என்று சொல்லிச் சலுகை கேட்டால் செவிசாய்க்கக் கூடாது.' மூணாம் பக்கம்."

அந்த வரியை எழுதிய அன்று தலைவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மனைவிக்கு வாசித்துக்கூடக் காட்டினார்.

அந்த மனைவி சொர்ணாம்பாளுக்கு ஐயம்பெருமாள் தன் போனிலிருந்து கூப்பிட்டுச் சங்கதியைச் சொன்னான்.

"நான் வந்தா விடுவாவளா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பொம்பள கையெழுத்து செல்லாதாம்மா."

"அப்படி எந்தப் படுபாவி எழுதி வச்சான்?"

"சார்தாம்மா."

அந்தப் பக்கம் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்பம் சரி, மாத்துச் சட்டை குடுத்து விடுதேன்" என்றார்.

தலைவரின் மகன் அமெரிக்காவில். மிச்சம் இருந்த ஆண் இரத்த உறவு, வீரவநல்லூரில் இருக்கும் தம்பி. அவரோடு தலைவர் வயல் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை ஐயம்பெருமாள் எடுத்ததும், "அவங்கிட்ட சொல்லாதீரும்வே, ஊரைக் கூட்டிட்டு வந்திருவான்" என்று பதறினார்.

கடைசியில் பேராசிரியருக்குத்தான் வழி தோன்றியது. மன்றத்தார் அத்தனை பேரும் இங்கேதானே இருக்கிறார்கள்? காப்பகத்து வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். விளக்கு இல்லை, பொன்னாடை இல்லை, வரவேற்புரை இல்லை. மன்றத்தின் வரலாற்றிலேயே விரைவான தீர்மானம் அப்போது நிறைவேறியது. இல்லவாசி ஒருவருக்குச் சரியாகிவிட்டது என்று துணைவர் ஒருவர் சொன்னால், இரத்த உறவு இல்லாமலே வெளியே விடலாம்.

ஜாபேஸ் அதை எழுதி வாங்கி, எல்லாருடைய கையெழுத்தையும் சரிபார்த்து, "இது போதும்" என்றார். "துணைவர் யாரு?"

கழுத்தில் அட்டையோடு நின்றவன் ஒருவன்தான்.

தலைவர் முன்னால் வந்து நின்றார். ஜாபேஸ் விசிலை ஊதினார். "வரிசை! முன்னால சேந்தவரு முன்னால. சேக் முகம்மது, வாங்க."

சேக் முகம்மது தயங்கித் தயங்கி வந்தார்.

"இவருக்குச் சரியாயிட்டா?"

"சரியாகி ரொம்ப நாளாச்சு சார்" என்றான் ஐயம்பெருமாள்.

ஜாபேஸ் கதவைத் திறந்தார். சேக் முகம்மது உடனே வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே ஒரு காலை வைத்துவிட்டு, யாராவது கூப்பிடுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். கமர் நிஷா கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "வாங்க காக்கா, என்னத்தப் பாக்கியோ? வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடுத்து, குமரகுருபரன்" என்றார் ஜாபேஸ். "சரியாயிட்டா?"

ஐயம்பெருமாள் தலைவரைப் பார்த்தான். அவனுக்கு அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் வாய் தவறி எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது.

"சார், உங்களுக்கு நோயே கெடையாதுன்னு நான் சொல்லக் கூடாது. மன்னிப்புக் கேக்க வச்சிட்டீங்க. நோய் இருந்து சரியாயிட்டுன்னும் சொல்ல முடியாது. நேத்துகூட மூட்டையில படுத்துக்கிட்டு, இப்பந்தான் ரொம்ப முத்துதுன்னு சொன்னீங்க. அதனால நீங்களே சொல்லிருங்க. 'எனக்கு ஒண்ணும் வந்ததே கெடையாது, அன்னைக்குச் சொன்னது பொய்யி'ன்னு ஒரு வார்த்தை. நான் ஒடனே சரின்னுருதேன்."

"அப்படிச் சொன்னா எழுத்துல வாங்கி மன்றத்துக்கும் சென்னைக்கும் அனுப்பணும்" என்றார் ஜாபேஸ்.

தலைவர் வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஜெனீவா வந்து நின்றது. கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுத்தாயிற்று. சம்பந்தி வீட்டில் சொல்லியாயிற்று. வெளியே வண்டிகள் போகும் சாலையைப் பார்த்தார். உள்ளே வரிசையாகப் போட்ட இரும்புக் கட்டில்களைப் பார்த்தார்.

"அது... மெய்தான்" என்றார் பலவீனமான குரலில். "எனக்கு இருக்கு."

"அப்பம் உள்ள போய் உக்காருங்க. கஞ்சி வரும்" என்றார் ஜாபேஸ்.

பேராசிரியரும் தனக்கு நோய் இருப்பதாகவே சாதித்தார். மாமரத்துக்காரர் சாதித்தார். மருமகன் சரியில்லாதவர் இப்போது இன்னும் கூடியிருப்பதாகச் சொன்னார். அனுராதா மட்டும் நின்று கணக்குப் போட்டார். நோய் இல்லை என்றால் ஓட்டுப் போய்விடும். ஆனால் ஜெனீவாவுக்கு யார் போனாலும் ஏற்பாடு செய்ய ஒரு ஆள் கூடப் போய்த்தானே ஆக வேண்டும்? "எனக்கு ஒண்ணுமே கிடையாது, ஐயம்பெருமாள். அழுததுகூட இல்லை. கண்ணுல தூசி" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, தன் போனை வாங்கிப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடத் தொடங்கினார்.

"பாவம்ணே, உள்ள இருக்கவுக" என்றாள் கமர் நிஷா, பஸ்ஸுக்கு நடக்கும்போது. "ஒரு வார்த்தைதான. சொல்லிட்டு வந்திருக்கலாம்."

"சொல்லுதது லேசு இல்ல புள்ள" என்றார் சேக் முகம்மது. "நல்லாயிட்டேன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. அவுகளுக்கு நல்லா இருக்கேன்னு சொல்லவே வாய் வரல." கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தத் தலைவருக்குப் பக்கத்துக் கட்டில்ல உள்ளவரு நல்ல மனுசன். கூடப் பாத்துக்கிடுவாரு" என்றார்.

மறுநாள் காலைப் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. ஒரு நாள் என்று திட்டமிட்டிருந்த உடனுறைவை, இல்லவாசிகளைப் பிரிய மனமில்லாமல் தலைவர் தாமாகவே நீட்டித்துக்கொண்டார் என்று போட்டிருந்தார்கள். நீல உடையில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் உருக்கமாக இருந்தது. அன்று சாயங்காலம் வீரவநல்லூர்த் தம்பி வேன் வைத்துச் சொந்தக்காரர்களோடு வந்து, வயல் வழக்கை வாபஸ் வாங்குவதாக அண்ணனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாராம். மற்றவர்களையும் அவரவர் வீட்டு ஆண்கள் வந்து கூட்டிப் போனார்கள். திங்கட்கிழமை மன்றம் அவசரமாகக் கூடி வேப்பமரத்தடித் தீர்மானத்தை ரத்து செய்தது. ஏற்கெனவே வெளியே போனவர்களைப் பற்றி அதில் ஒன்றும் எழுத மறந்துவிட்டார்கள்.

நிக்காஹ் அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு, மேலப்பாளையத்தில். பந்தலில் ஜமாஅத்தார் நிறைந்திருந்தார்கள். ஐயம்பெருமாள் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கமர் நிஷா பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையில் சேக் முகம்மது கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காதுக்குள் ஏதோ பேசினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இமாம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "பொண்ணோட வாப்பா வந்திருக்காகளா?"

ஐயம்பெருமாள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவன், அப்படியே உட்கார்ந்துவிட்டான். இது கூட இருப்பவர் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை.

தூணைப் பிடித்துக்கொண்டு சேக் முகம்மது எழுந்தார். வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாந்தான்" என்றார்.

இமாம் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். "அங்கன ஏன் நிக்கிய? இங்கன வந்து உக்காருங்க."